குறைவாகப் பேசுபவருக்கு எந்த ப்ரீபெய்டு திட்டம் கட்டுப்படியாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளுக்கு நான்கைந்து அழைப்புகள், வங்கியிலிருந்து வரும் ஓடிபி, எப்போதாவது பேரப்பிள்ளையின் புகைப்படம் என்ற அளவிலேயே கைபேசியைப் பயன்படுத்துபவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அப்படிப்பட்டவருக்காகவும், அவருக்கு ரீசார்ஜ் செய்து தரும் பிள்ளைகளுக்காகவும் இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இதில் உள்ள விலைகளில் பெரும்பாலானவை 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோதும் அதற்குப் பிறகு 2025-லும் அறிவிக்கப்பட்டவை. நிறுவனங்கள் அவற்றை அடிக்கடி மாற்றுகின்றன. எனவே கணக்குப் போடும் முறையை இங்கிருந்து எடுத்துக்கொண்டு, தொகையை மட்டும் ரீசார்ஜ் செய்யும் நாளின் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

என் பயன்பாடு உண்மையிலேயே குறைவுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஸ்மார்ட்போனின் அமைப்புகளில் டேட்டா பயன்பாட்டைக் காட்டும் பகுதி ஒன்று இருக்கும். அதில் மொபைல் டேட்டாவுக்கும் வைஃபைக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. நமக்கு வேண்டியது மொபைல் டேட்டா கணக்கு மட்டுமே. கடந்த ஒரு மாதத்தில் அது 2 ஜிபியைத் தாண்டவில்லை என்றால் நீங்கள் குறைவாகப் பயன்படுத்துபவர்தான். தினம் ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி தரும் திட்டங்களுக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தால், அதில் பெரும்பகுதி ஒவ்வொரு நள்ளிரவிலும் பயன்படாமலே கழிந்துபோகிறது; அன்றைய மிச்சம் மறுநாளைக்குச் சேராது.

2 ஜிபியை 28 நாளுக்குப் பிரித்தால் நாளுக்குச் சுமார் 70 எம்பி வரும். எழுத்துச் செய்திகளுக்கும் சில படங்களுக்கும் யுபிஐக்கும் இது தாராளம். காணொளி பார்ப்பதற்கு இது காணாது. வாட்ஸ்அப்பில் படங்களும் காணொளிகளும் தாமாகவே இறங்குவதை நிறுத்தி, செயலிகள் வைஃபையில் மட்டும் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டால், இந்த 70 எம்பி எதிர்பார்ப்பதைவிட நீண்ட தூரம் வரும்.

திட்டத்தின் விலையைப் பார்ப்பதா, நாட்களைப் பார்ப்பதா?

இரண்டையும் வகுத்து, ஒரு நாளுக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். குறைவாகப் பயன்படுத்துபவர் வாங்குவது ஜிபியை அல்ல, எண் உயிரோடு இருக்கும் நாட்களை. கடைப் பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது ஜிபி கணக்கு. வேலிடிட்டி நாட்கள் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். நாம் முதலில் படிக்க வேண்டியது அந்தச் சிறிய எழுத்தைத்தான்.

ஓர் உதாரணம் பார்க்கலாம். 2024 ஜூலையில் ஏர்டெலின் அடிப்படைத் திட்டம் 179 ரூபாயிலிருந்து 199 ஆனது. 28 நாள், வரம்பற்ற அழைப்பு, மொத்தம் 2 ஜிபி. ஜியோவில் அதற்கு இணையான திட்டம் 155-லிருந்து 189 ஆனது. 199-ஐ 28-ஆல் வகுத்தால் நாளுக்கு 7 ரூபாய் 11 காசு. 189-க்கு 6 ரூபாய் 75 காசு. மாதம் 200 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது போலத் தோன்றும். ஆனால் 28 நாள் திட்டத்தை ஓர் ஆண்டில் 12 முறை அல்ல, 13 முறை போட வேண்டும். அப்போதும் 364 நாள்தான் வரும். 199-ஐ 13 முறை போட்டால் 2587 ரூபாய் ஆகிறது. இதே கணக்கை 84 நாள், 336 நாள், 365 நாள் திட்டங்களுக்கும் போட்டுப் பார்த்தால், மொத்தத் தொகை பெரிதாகத் தெரியும் திட்டம் பல நேரங்களில் நாள் கணக்கில் மலிவாக இருப்பது புரியும்.

336 நாள் என்பதைப் பலர் ஓராண்டு என்றே நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அது 28 நாளின் 12 மடங்கு; ஆண்டுக்கு 29 நாள் குறைவு.

28 நாள் என்ற கணக்கு எதற்கு? முழு மாதத் திட்டம் கிடையாதா?

உண்டு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், 2022 ஜனவரியில் பிறப்பித்த ஆணையின்படி ஒவ்வொரு நிறுவனமும் 30 நாள் திட்டம் ஒன்றையும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டம் ஒன்றையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். கடைக்காரர் இவற்றைத் தாமாக எடுத்துச் சொல்வது அரிது. கேட்டு வாங்க வேண்டும். ஒன்றாம் தேதி ஓய்வூதியம் வாங்குபவருக்கு, தேதி மாறாத திட்டம் சற்றுக் கூடுதல் விலையானாலும் நினைவில் வைக்க வசதியானது.

எனக்கு இணையமே வேண்டாம். அழைப்பு மட்டும் உள்ள திட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. அது ட்ராயின் தலையீட்டால் மீண்டும் கிடைத்தது. ஒரு காலத்தில் பேசும் நிமிடத்துக்கு மட்டும் காசு கொடுத்தோம். பிறகு எல்லாத் திட்டங்களிலும் டேட்டா கட்டாயமாகச் சேர்ந்துகொண்டது. பட்டன் போன் வைத்திருக்கும் எழுபது வயதுப் பெண்மணி, தன் போனில் திறக்கவே முடியாத இணையத்துக்கு மாதாமாதம் பணம் கட்டினார். இது அநியாயம் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. 2024 டிசம்பரில் ட்ராய் நுகர்வோர் பாதுகாப்பு விதிமுறைகளைத் திருத்தி, அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட சிறப்புத் திட்டம் ஒன்றையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. இத்தகைய சிறப்புத் திட்டங்களின் அதிகபட்ச வேலிடிட்டியும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்ந்தது.

அதன்படி 2025 ஜனவரியில் வந்த திட்டங்களில் ஏர்டெலின் 469 ரூபாய் திட்டம் 84 நாளுக்கும், 1849 ரூபாய் திட்டம் 365 நாளுக்கும் வரம்பற்ற அழைப்பைத் தந்தன. ஜியோவில் 448 ரூபாய்க்கு 84 நாளும், 1748 ரூபாய்க்கு 336 நாளும் கிடைத்தன. நாள் கணக்கில் பார்த்தால் 469 என்பது 5 ரூபாய் 58 காசு, 448 என்பது 5 ரூபாய் 33 காசு, 1748 என்பது 5 ரூபாய் 20 காசு, 1849 என்பது 5 ரூபாய் 7 காசு. முன்பு பார்த்த 2587 ரூபாயோடு 1849-ஐ ஒப்பிட்டால் ஆண்டுக்கு 738 ரூபாய் மிச்சம். ஒரு முதியவருக்கு அது சில வார மருந்துச் செலவு.

நிறுவனத்தின் செயலியில் இவை முதல் பக்கத்தில் தென்படுவதில்லை. பட்டியலின் கடைசிவரை தள்ளிப் பார்க்கவும், அல்லது அழைப்புத் திட்டங்களுக்கென்று உள்ள தனிப் பிரிவைத் தேடவும்.

அழைப்பு மட்டும் உள்ள திட்டத்தை வாங்கினால் வாட்ஸ்அப்பும் யுபிஐயும் என்ன ஆகும்?

வீட்டில் வைஃபை இருந்தால் இரண்டும் வழக்கம்போல நடக்கும். வெளியே போனால் இணையம் இராது. மளிகைக் கடை வாசலில் க்யூஆர் அட்டையைக் காட்டும்போதுதான் அது உறைக்கும். அப்படி மாதம் ஓரிரு நாள் மட்டும் தேவைப்படும் என்றால், அந்த நேரத்துக்கு ஒரு சிறிய டேட்டா வவுச்சர் போட்டுக்கொள்ளலாம். வாரத்தில் மூன்று நான்கு நாள் வெளியில் பணம் செலுத்துபவருக்கு இந்தத் திட்டம் ஒத்துவராது. அவர் 2 ஜிபி உள்ள திட்டத்திலேயே இருப்பது நல்லது.

புதிய போனில் யுபிஐ செயலியைப் பதியும்போது உங்கள் எண்ணிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் தானாக வெளியே போகும். எனவே திட்டத்தில் சில எஸ்எம்எஸ்ஸாவது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

பத்து ரூபாய் டாப்-அப் போட்டுச் சமாளிக்க முடியாதா?

பத்து ரூபாய் டாப்-அப் இன்னும் இருக்கிறது. ஒரு டாப்-அப்பாவது அந்தத் தொகையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பத்து ரூபாய்க்கு நம் கணக்கில் ஏறுவது 7 ரூபாய் 47 காசு. 18 சதவீத ஜிஎஸ்டியும் ஒரு ரூபாய் செயலாக்கக் கட்டணமும் கழிந்த பிறகு மிஞ்சுவது அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமானது, டாப்-அப் பேச்சுத்தொகையைத்தான் தருகிறது, வேலிடிட்டியைத் தருவதில்லை. நடப்பில் உள்ள திட்டம் ஏதும் இல்லாவிட்டால் கணக்கில் பணம் இருந்தும் அழைக்க முடியாமல் போகலாம். ஆகவே டாப்-அப் என்பது வெளிநாட்டு அழைப்பு போன்ற திட்டத்தில் அடங்காத செலவுக்கு மட்டுமே உதவும்.

ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் எண் எத்தனை நாளில் போய்விடும்?

இதில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் உள்ளன; பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, சேவை நிற்பது. திட்டத்தின் வேலிடிட்டி முடிந்ததும் வெளியே பேச முடியாது. அதற்குச் சில நாட்கள் கழித்து உள்ளே வரும் அழைப்பும் நிற்கும். அந்த இடைவெளி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மற்றொன்று, எண்ணே துண்டிக்கப்படுவது. ட்ராயின் 2013-ஆம் ஆண்டு விதிப்படி, குறைந்தது 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் இருந்தால் மட்டுமே எண்ணைத் துண்டிக்கலாம். ஓர் அழைப்பு வந்தாலோ போனாலோ, ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினாலோ, இணையத்தைத் தொட்டாலோ அது பயன்பாடுதான்.

அப்படி 90 நாள் கடந்தாலும், முதன்மைக் கணக்கில் 20 ரூபாய்க்குக் குறையாமல் இருப்பு இருந்தால் எண்ணைத் துண்டிக்கக் கூடாது. நிறுவனம் 20 ரூபாய்க்கு மிகாமல் எடுத்துக்கொண்டு 30 நாள் நீட்டிக்க வேண்டும். இருப்பு இருக்கும்வரை இது தொடரும். துண்டித்த பிறகும் 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கேட்டால் எண்ணைத் திரும்பப் பெறலாம். எனவே சும்மா கிடக்கும் சிம்மில் கொஞ்சம் பேச்சுத்தொகையைப் போட்டு வைப்பது வீண் செலவு அல்ல. ஆனால் இது எண்ணைத்தான் காப்பாற்றும், ஓடிபி வருவதற்கு உத்தரவாதம் தராது என்பதை நினைவில் வையுங்கள்.

துண்டிக்கப்பட்ட எண் 90 நாளுக்குப் பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம். என் அத்தை, தன் மகன் வீட்டில் விசேஷம் முடிந்து சில மாதம் அந்த ஊரிலேயே தங்கியிருந்தபோது, தன் பழைய எண்ணை மறந்தே போனார். சமையல் எரிவாயு பதிவும் வங்கிக் கணக்கும் அந்த எண்ணில்தான் இருந்தன. சிலிண்டர் வேண்டி அழைத்தபோதுதான் எண் இல்லை என்பது தெரிந்தது. வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் ஆதார் அட்டையையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, எரிவாயு முகவரிடமும் வங்கிக் கிளையிலும் அவர் வரிசையில் நின்ற நாட்கள், 20 ரூபாயில் தவிர்த்திருக்கக்கூடியவை. 2025 ஏப்ரல் முதல், துண்டிக்கப்பட்ட அல்லது கைமாறிய எண்களை யுபிஐ பதிவுகளிலிருந்து வங்கிகள் தொடர்ந்து நீக்கி வருகின்றன. ஆகவே எண்ணை விடுவதற்கு முன் வங்கி, ஆதார், குடும்ப அட்டை, எரிவாயு, வருங்கால வைப்பு நிதி, காப்பீடு ஆகிய இடங்களில் புதிய எண்ணைப் பதிந்துவிடுங்கள்.

பட்டன் போன் வைத்திருப்பவருக்கு எந்த நிறுவனம் பொருந்தும்?

முதலில் அந்த போன் 2ஜி போனா, 4ஜி போனா என்று பாருங்கள். ஜியோவில் 2ஜி கிடையாது; 2016-இல் தொடங்கியது முதலே அதன் அழைப்புகள் 4ஜியில்தான் போகின்றன. எனவே பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா), பிஎஸ்என்எல் சிம்கள் வேலை செய்யும்.

புதிதாகப் பட்டன் போன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஜியோபாரத் வகையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு அறிமுகமான இந்த 4ஜி போனுக்கென்று தனித் திட்டம் உண்டு: 28 நாளுக்கு 123 ரூபாய், தினம் அரை ஜிபி, வரம்பற்ற அழைப்பு. நாளுக்கு 4 ரூபாய் 40 காசுக்குள் வருகிறது. அழைப்பு மட்டும் உள்ள திட்டங்களைவிடவும் இது குறைவு. ஆனால் அந்தத் திட்டத்தை வேறு போனில் பயன்படுத்த முடியாது, அந்த போனில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட முடியாது. இந்தக் கட்டுப்பாடு பரவாயில்லை என்றால் மட்டும் வாங்குங்கள்.

பிஎஸ்என்எல் எல்லாவற்றிலும் மலிவு என்கிறார்களே, மாறிவிடலாமா?

2024 ஜூலையில் மற்ற மூன்று நிறுவனங்களும் விலையை ஏற்றியபோது பிஎஸ்என்எல் ஏற்றவில்லை. குறைவாகப் பேசுபவருக்கென்றே அளந்து தைத்தது போன்ற திட்டங்களும் அதில் வந்தன. 1198 ரூபாய்க்கு 365 நாள், ஒவ்வொரு மாதமும் 300 நிமிடம், 3 ஜிபி, 30 எஸ்எம்எஸ் என்ற திட்டம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாளுக்கு 3 ரூபாய் 28 காசுதான். மாதம் 300 நிமிடம் என்பது நாளுக்குப் பத்து நிமிடம். சுருக்கமாகப் பேசி வைப்பவருக்கு இது போதும். மகளோடு தினமும் அரை மணி நேரம் பேசும் அம்மாவுக்குப் போதாது. உள்ளே வரும் அழைப்பு இந்த நிமிடங்களில் சேராது என்பதால், மகளே அழைக்கும் வழக்கம் இருந்தால் கணக்கு மாறும்.

விலைக்கு முன் சிக்னலைப் பார்க்க வேண்டும். பிஎஸ்என்எல்லின் உள்நாட்டுத் தொழில்நுட்ப 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. ஆனாலும் உங்கள் தெருவில் அது எப்படி எடுக்கிறது என்பதை உங்கள் தெருவில் நின்றுதான் அறிய முடியும். அந்தச் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரை உங்கள் சமையலறையில் நின்று ஒரு நிமிடம் பேசச் சொல்லுங்கள். முற்றத்தில் எடுத்து அடுக்களையில் எடுக்காத நெட்வொர்க், வீட்டில் பெரும்பகுதி நேரம் இருக்கும் ஒருவருக்கு எந்த விலையிலும் மலிவு ஆகாது. பிஎஸ்என்எல்லில் விலை மாறாமல் வேலிடிட்டி நாட்கள் மட்டும் குறைக்கப்படுவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு முறையும் நாள் கணக்கைச் சரிபார்க்கவும்.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றுவது எப்படி?

போர்ட் (PORT) என்ற ஆங்கிலச் சொல்லை எழுதி, ஓர் இடம் விட்டு, உங்கள் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். எந்தத் திட்டத்தில் இருந்தாலும் இந்த எஸ்எம்எஸ்ஸை அனுமதிக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் ட்ராய் உத்தரவிட்டிருக்கிறது. பதிலாக ஒரு குறியீடு வரும். தமிழ்நாட்டில் அது நான்கு நாள் செல்லுபடியாகும். அதற்குள் புதிய நிறுவனத்தின் கடைக்கு ஆதாருடன் போக வேண்டும். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள், அதாவது தமிழ்நாட்டுக்குள்ளேயே, மாறுவதற்கு மூன்று வேலை நாட்கள் ஆகும். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும்; சிம் தொலைந்து மாற்றுச் சிம் வாங்கியிருந்தால், 2024 ஜூலை முதல் ஏழு நாள் காத்திருக்க வேண்டும்.

பழைய எண்ணில் இருந்த இருப்பும் மிச்ச நாட்களும் புதிய இடத்துக்கு வாரா. அதனால் ஆண்டுத் திட்டம் போட்ட கையோடு மாறாதீர்கள். திட்டம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது வேலையைத் தொடங்குவது சரியாக இருக்கும்.

அப்படியென்றால் ஆண்டுத் திட்டம்தான் எப்போதும் நல்லதா?

இல்லை. சிக்னல் நன்றாக இருக்கிறது, ஒரு வருடமாவது அந்த எண்ணில் இருப்பீர்கள், ஒரே தவணையில் பணம் கொடுப்பது கடினமில்லை என்ற மூன்றும் இருந்தால்தான் நல்லது. தினக்கூலி வாங்குபவரிடம் 1849 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வை என்பது நியாயமல்ல. அவருக்கு 84 நாள் திட்டமே நடைமுறை. புதிதாக ஒரு நிறுவனத்துக்கு மாறியவரும் முதலில் 28 நாள் திட்டத்தில் இருந்து பார்த்துவிட்டு, பிறகு நீண்ட திட்டத்துக்குப் போகலாம்.

எதுவும் பேசாமலே பணம் குறைகிறது. என்ன செய்வது?

காலர் ட்யூன், ஜோதிடச் செய்தி போன்ற ஏதோ ஒரு கூடுதல் சேவை தெரியாமல் தொடங்கியிருக்கும். 155223 என்ற இலவச எண்ணை அழைத்து நிறுத்தலாம். தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் சொன்னால் பிடித்த பணத்தையும் திருப்பித் தர வேண்டும். இணையமே வேண்டாத எண்ணில் டேட்டாவை முழுவதும் அடைக்க 1925-ஐப் பயன்படுத்தலாம். விளம்பர அழைப்புகளுக்கு 1909. இவற்றில் தீராத புகாரை 198-இல் பதிந்து, அவர்கள் தரும் புகார் எண்ணைக் கட்டாயம் எழுதி வையுங்கள். தீர்வு திருப்தி தராவிட்டால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போவதற்கு அந்த எண்தான் ஆதாரம்.

நான் வெளியூரில் இருக்கிறேன். ஊரில் இருக்கும் அம்மாவின் ரீசார்ஜை எப்படித் தவறவிடாமல் பார்த்துக்கொள்வது?

நிறுவனத்தின் சொந்தச் செயலியிலோ இணையதளத்திலோ அம்மாவின் எண்ணைச் சேர்த்துவிட்டால் இங்கிருந்தே ரீசார்ஜ் செய்யலாம். பணம் செலுத்தும் சில செயலிகள் ரீசார்ஜுக்கு ஓரிரு ரூபாய் தனிக் கட்டணம் சேர்ப்பதால், பணம் கட்டும் திரையில் கடைசி வரியைப் படித்துவிட்டு அழுத்துங்கள். ரீசார்ஜ் ஆனதும், முடியும் தேதியை அம்மாவிடம் சொல்லி, சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் அந்தக் கட்டத்தைச் சுற்றி வட்டம் போடச் சொல்லுங்கள். முடியும் நாளில் அல்ல, மூன்று நாள் முன்னதாகவே ஒரு வட்டம் போடுவது நல்லது. பெரும்பாலான நிறுவனங்களில் முன்கூட்டியே போட்ட திட்டம் வரிசையில் நின்று, பழையது முடிந்த பிறகே தொடங்கும், நாள் வீணாகாது. அப்படி வரிசையில் நிற்குமா, உடனே தொடங்கிவிடுமா என்பதைத் திட்ட விவரத்தில் ஒருமுறை படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.